பேட்டரிக்குப் போய்ச் சேராத கரண்ட்

சாமளாபுரம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

முதலில் காட்டிக் கொடுத்தது வைப்பர்தான். கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக அதற்கு மனமே இல்லை. பகல் நேரம்தான். இருந்தாலும் மேகம் கருத்துக் கிடந்ததால் ஹெட்லைட்டைப் போட்டேன். போட்ட மாத்திரத்தில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டிய ஆடு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்ஜினும் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.

வண்டி எங்கள் பழைய அம்பாசிடர். ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் ஆரோக்கியம். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு, பேச்சுப் பயிற்சிக்காக வாராவாரம் அவரை அழைத்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் 'டக்' என்றதோடு சரி.

அவர் டேஷ்போர்டைத் தட்டினார்.

"பால்" என்றார்.

"இப்பவா? பிளாஸ்க்குல டீதான் இருக்கு, தரட்டா?"

"பால்! பால்!" இடது கையால் மறுபடி தட்டினார். ஊற்றிக் கொடுத்த டீயை வாங்கிப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் என்னையே பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாலையோரத் தறிக் குடோனிலிருந்து நாலைந்து வடநாட்டு ஆட்கள் மழையோடு மழையாக ஓடி வந்தார்கள். "பைட்டியே, பைட்டியே" என்று இந்தியில் என்னை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியை ஒரு தகரக் கூரைக்குக் கீழே தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தறிகளின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அன்றைக்குப் பயிற்சி போயிற்று.

ஏறி உட்கார ஒரு வண்டி

'இந்தக் காலத்தில் எதற்கு அம்பாசிடர்?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அதன் சீட் உயரம்.

ஆரோக்கியத்துக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடும் நர்ஸுகள் 'ஆரோக்கியம்' என்று வாசித்துவிட்டு ஒரு நொடி தயங்குவார்கள். அவருக்கே அதில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு மட்டும் இரண்டு பக்கமும் சமமாக வராது.

ஒருமுறை வாடகைக் கார் வைத்துப் போனோம். தாழ்ந்த சீட். உள்ளே போனவரை வெளியே எடுக்க முடியவில்லை. டிரைவர் நல்ல பையன்தான், பதற்றத்தில் அவருடைய விழுந்த கையைப் பிடித்து இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த வாடகைக் காரைப் பார்த்தாலும் அவர் கால் முன்னே வராது. அம்பாசிடரில் அந்தத் தொல்லை இல்லை. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தால் முடிந்தது.

வண்டி அவர் தேர்ந்தெடுத்ததுதான். மில் முதலாளி ஒருவர் ஷெட்டில் போட்டு வைத்திருந்ததை வாங்கி வந்து, பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தார். டைனமோவோ ஆல்டர்னேட்டரோ, வேலை ஒன்றுதான். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டோடு சுற்றி, கரண்ட் உண்டாக்கி, பேட்டரியை நிரப்ப வேண்டும். ஆல்டர்னேட்டர் அதைக் கொஞ்சம் நன்றாகச் செய்யும், அவ்வளவே.

அவர் நிட்டிங் கம்பெனியில் எலக்ட்ரீசியன். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனிச் செக்கிங்கில் நின்றவள். நான் 'என்ன சொல்லுதீங்க' என்றால் அவர் 'என்னங்க சொல்றீங்க' என்று திருத்திக் கேலி பண்ணுவார். எத்தனையோ வருஷம் ஆகியும் என் 'லுதீங்க' போகவில்லை. அவருடைய கேலிதான் ஒரே காலையில் நின்றுபோயிற்று.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவரிடம் மிஞ்சிய சொற்கள் ரொம்பக் கொஞ்சம். எந்த எண்ணைக் கேட்டாலும் 'பன்னெண்டு'. யாரைக் காட்டினாலும் 'அவன்'. காரணமே புரியாமல் 'ஞாயிறு' என்பார். அந்த மழைக்காலத்தில் புதிதாகச் சேர்ந்துகொண்டது 'பால்'.

பயிற்சி கொடுக்கும் பெண் எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். "அவருக்கு நினைப்பு எல்லாம் சரியா இருக்குங்க ஆன்ட்டி. சொல்லை எடுக்கற இடத்துலதான் கை மாறிடுது. நீங்க கேட்டுட்டு உடனே நீங்களே பதில் சொல்லிடாதீங்க. கொஞ்சம் காத்திருங்க."

தலையாட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் காத்திருப்பது எவ்வளவு கஷ்டமென்று வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மகளின் ஏற்பாடு

எங்களுக்கு ஒரே மகள், நிர்மலா. நிம்மி என்று கூப்பிடுவோம். பெங்களூரில் வேலை. வண்டி நடுவழியில் நின்ற செய்தி போனதும் வீடியோவில் வந்தாள்.

"அம்மா, நீ மழையில அந்த டப்பாவை ஓட்டிட்டு, அப்பாவையும் வச்சுக்கிட்டு... எனக்கு இங்க தூக்கம் வர்றதில்லை. கீழ்த்தளத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். எங்க ஃபிளாட்டுக்கு அடுத்த தெரு. வண்டியைக் கொடுத்துட்டு வந்துடுங்க."

"அப்பாவைக் கேக்கணும்மா."

"அப்பாவுக்கு நாம பேசறது புரியுதா என்ன?"

போன் சோபாவின் கைப்பிடியில் சாய்ந்திருந்தது. அவர் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் கெட்ட பெண்ணில்லை. பயந்துபோயிருந்தாள். பயந்தவர்கள் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுகிறார்கள்.

அவள் கேட்டதில் எனக்கும் சந்தேகம் உண்டு. சில நாட்கள் அவர் கண்ணில் பழைய ஆள் முழுதாக நிற்பார். சில நாட்கள் மூடிய கடை மாதிரி இருக்கும். நிம்மி அந்த வீட்டைப் பேசி வைத்துவிட்டு, நேரில் வந்து எங்களை அழைத்துப்போவதாகச் சொன்னாள். சரியென்றும் சொல்லாமல் வேண்டாமென்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

எரியாத சிவப்பு விளக்கு

பல்லடம் ரோட்டில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் மணி, எங்கள் வீட்டுக்காரருக்கு நெடுநாள் பழக்கம். அவன்தான் அன்றைக்கு வேறு பேட்டரியோடு சாமளாபுரம் வந்து எங்களை மீட்டவன். முதலில் பேட்டரி கிழடு என்று புதுசு போட்டான். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய குருடி கதைதான். அடுத்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு போய், கார்பன் மாற்றி, தன் கடையில் மோட்டாரோடு கட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து மாட்டினான்.

"ஏனுங்க்கா, என்ற பெஞ்சுல வச்சுப் பாத்தா கும்முனு கரண்டு வருதுங்க. வண்டியில வச்சா பேட்டரி எறங்கிப் போகுது."

"அப்போ சார்ஜ் ஆகலைன்னுதானே அர்த்தம்?"

"ஆகலீன்னா டேஷ்போர்டுல அந்தச் செவப்பு லைட்டு எரியோணுமுங்க. எரியவே இல்லீங்களே! சத்தியமா எனக்குப் புடிபடலீங்க. சீசன் வேலை முடியட்டும், வண்டியை ஒரு வாரம் உட்டுட்டுப் போங்க. ஒயரிங் பூராவும் பிரிச்சுப் பாத்துடலாம்."

ஒரு வாரம் வண்டியை விட்டால் ஒரு வாரப் பயிற்சி போகும். அது போகட்டும். எனக்கு உண்மையிலேயே அறிய வேண்டும் போலிருந்தது. ஆல்டர்னேட்டர் நல்லது. பேட்டரி நல்லது. எச்சரிக்கை விளக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் உண்டான கரண்ட் எங்கே போகிறது?

துணி எங்கே குறைந்தது?

இந்த இடத்தில் செக்கிங் செக்‌ஷன் கதை ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில், எங்களுக்கு வரும் துணி சொன்ன அகலத்துக்குக் குறைவாகவே வந்தது. நிட்டிங்காரரைக் கேட்டால் நாங்கள் சரியாகத்தான் கொடுத்தோம் என்பார். சாயப்பட்டறைக்காரரும் அதையே சொல்வார். கடைசியில் துணியை அழுத்திச் சுருக்கம் எடுக்கும் காம்பேக்டிங்காரரும் அதையே சொன்னார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் துணி குறைந்துதான் வந்தது.

எங்கள் மேனேஜரம்மா என் கையில் ஒரு அளவு டேப்பைக் கொடுத்து, "ஒவ்வொரு எடத்துலயும் உள்ள போறப்ப ஒருக்கா, வெளிய வர்றப்ப ஒருக்கா அளந்துட்டு வா. அவங்க சொல்றதைக் கேக்காத, டேப் சொல்றதைக் கேளு" என்று அனுப்பினார். அளந்தேன். யாருடைய மெஷினிலும் குறையவில்லை. ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஈரத்துணியை முறுக்கிக் கட்டி, மேலே மேலே ஏற்றி, இழுத்து இழுத்து இறக்கியதில் நீளம் கூடி அகலம் போயிருந்தது. இரண்டு இடத்துக்கு நடுவில் இருந்த இடத்தை யாரும் ஓர் இடமாகவே நினைக்கவில்லை.

கார் விஷயத்திலும் அளந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. டேப்புக்குப் பதில் அவருடைய மல்டிமீட்டர் இருக்கிறது. அளக்கத் தெரிந்தவரும் பக்கத்திலேயே இருக்கிறார். சொல்லத்தான் முடியாது.

பானெட்டைத் திறந்தோம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் நின்ற வண்டியின் பானெட்டைத் தூக்கினேன். பிளாஸ்டிக் நாற்காலியை எதிரே போட்டு அவரை உட்கார வைத்தேன். மல்டிமீட்டரை எடுத்ததைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதமே வேறு. இடது கையை நீட்டி வாங்கி, நடுவிலிருந்த திருகை ஒரு இடத்தில் வைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பெயர் சொல்ல வராத மனிதருக்குக் கை மறக்கவில்லை.

பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் ஒயரின் முள்களை வைத்தேன்.

"பன்னெண்டரைங்க."

கையைக் கொஞ்சம் அசைத்தார். பரவாயில்லை என்று அர்த்தம்.

வண்டியைக் கிளப்பினேன். வழக்கமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோக்கை இழுத்துப் பிடிப்பார். காலைக் குளிரில் பெட்ரோல் சேர்த்துக் கொடுக்க டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கிறது, அதுதான் சோக். நான் சாவியைத் திருப்ப அவர் அதை இழுப்பது எங்களுடைய ஏற்பாடு. அன்றைக்கு நானே இழுத்து விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் முக்கி முனகி எடுத்தது.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வந்து மறுபடி பேட்டரியில் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பதினாலுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து அவர் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். மீட்டரில் பன்னிரண்டும் சொச்சமும்தான்.

"பன்னெண்டு" என்றார் எட்டிப் பார்த்துவிட்டு. அத்தனை மாதத்தில் அவர் சொன்ன எண் சரியாக இருந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து ஆல்டர்னேட்டர். சேலைத் தலைப்பை இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டேன். பெல்ட் ஓடுகிறதே! சிவப்பு முள்ளை அதன் தடித்த ஒயர் முனையில் வைத்தேன். கறுப்பை எங்கே வைப்பதென்று அவரைப் பார்த்தேன். அவர் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. உடனே வாயைத் திறக்கப் போனவள், அந்தப் பெண் சொன்னதை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி மார்பைத் தட்டினார். உடம்பு. ஆல்டர்னேட்டரின் உடம்பு!

வைத்தேன். பதினாலே கால்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரே வண்டி, ஒரே நேரம், ஒரு முழத் தூரம். இங்கே பதினாலு, அங்கே பன்னிரண்டு. மணி சொன்னதும் சரி, பேட்டரி சொன்னதும் சரி. நடுவில்தான் எங்கோ போகிறது.

தடித்த ஒயரின் இந்த முனையிலிருந்து பேட்டரியின் பிளஸ் வரை அளந்தேன். வீணாவது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். போகிற பாதை சுத்தம். பிறகு எனக்கு வழி தெரியவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்திருக்க முயன்றார். வண்டிக் கதவைக் காட்டினார். அழைத்துப்போய் அவருடைய சீட்டில் உட்கார வைத்தேன். என்னையும் மறுபக்கம் உட்காரச் சொல்லிக் கண்ணால் காட்டினார். சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைப் பார்த்தார்.

திருப்பினேன். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. அவர் குமிழை விட்டுவிட்டு என் இடது கையைப் பற்றினார். பற்றி, வெளியே நீண்டிருந்த சோக் கம்பியின் மேல் வைத்து அழுத்தினார்.

"ஆ!" என்று கையை உதறிக்கொண்டேன்.

"பால்" என்றார்.

கம்பி இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதித்தது.

"பால்" என்றார் மறுபடி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல.

"சூடு... சூடுன்னா சொல்லுதீங்க? இத்தனை நாளும் சூடுன்னுதான் சொன்னீங்களா?"

அவர் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. வாய் சிரித்தது, ஒரு பக்கமாக.

அடுப்பிலிருந்து இறக்கிய பால். அவர் சொல்லைத் தேடிப் போன இடத்தில் சூடு கிடைக்கவில்லை, பக்கத்திலிருந்த பால் கிடைத்திருக்கிறது. வண்டி எடுத்த ஒவ்வொரு தடவையும் சோக்கைப் பிடித்த கை சுட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் டம்ளரை நீட்டியிருக்கிறேன்.

திரும்பி வருகிற பாதை

சோக் கம்பி ஏன் சுட வேண்டும்? அதில் கரண்டுக்கு வேலையே கிடையாது. இன்ஜினையும் டேஷ்போர்டையும் இணைக்கிற வெறும் இழுவைக் கம்பி அது.

அங்கேதான் எனக்கு விஷயம் திறந்தது. கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். காரில் போவதற்குத்தான் ஒயர். திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே பாதை. ஆனால் இன்ஜின் அந்த உடம்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் வண்டி உடம்பையும் சேர்த்து, பின்னிய செம்புப் பட்டை ஒன்றைத் தனியாக முடுக்கியிருப்பார்கள். எர்த் பட்டை என்பார்கள். அது சரியில்லாவிட்டால் கரண்ட் கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வீடு திரும்பப் பார்க்கும். சோக் கம்பி அப்படிப்பட்ட ஒரு சந்து. மெல்லிய கம்பியில் அவ்வளவு கரண்ட் போனால் சுடாமல் என்ன செய்யும்?

சிவப்பு விளக்கு எரியாததற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது. அது போகிற பாதையில் கோளாறு வந்தால்தான் எரியும். திரும்புகிற பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டோடு ஓர் அளவு எடுத்தேன். ஒரு முள் ஆல்டர்னேட்டரின் உடம்பில், இன்னொன்று பேட்டரியின் மைனஸில். ஒரே இரும்பு என்று நினைத்திருந்த இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வோல்ட். தொலைந்தது அத்தனையும் அங்கே இருந்தது.

டிக்கியில் பேட்டரிக்குப் பேட்டரி கரண்ட் கொடுக்கும் தடித்த ஒயர் கிடந்தது. அவர் அதைக் காட்டினார். இன்ஜினை நிறுத்தி, ஒரு முனையை இன்ஜின் இரும்பிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் கவ்வ வைத்தேன். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் சடாரென்று எடுத்தது. எதிர்ச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டப்பகலிலும் பளிச்சென்று விழுந்தது. பேட்டரியில் பதினாலு.

மணிக்குப் போன் போட்டேன். சோற்றுக் கையைக் கழுவிவிட்டு அப்படியே பைக்கில் வந்துவிட்டான்.

"சோக் கம்பி சுட்டுதுங்களா? அட சாமி! அதை நான் தொட்டே பாக்கலீங்களே." சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே புகுந்தான். கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம். பிறகு கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏனுங்க்கா, வண்டிக்கு எப்பங்க பெயிண்ட் அடிச்சீங்க?"

அவருக்கு உடம்பு கெடுவதற்கு முந்தைய கோடையில் அடித்தது. வாசலில் நிறுத்தி அழகு பார்த்தோம்.

"பட்டையைக் கழட்டி, உள்ள பூரா பெயிண்ட் அடிச்சு, அந்தப் பெயிண்ட் மேலயே திருப்பி முடுக்கியிருக்கறாங்க. போல்ட் ஓரத்துல கொஞ்சூண்டு தொட்டுட்டு இருந்திருக்கும், அதனால இத்தனை நாள் ஓடியிருக்கு. இந்த மழையில அதுவும் துருப்புடிச்சுப் போச்சுங்க."

உப்புத்தாளால் பெயிண்டையும் துருவையும் தேய்த்து, இரும்பு வெளுத்துத் தெரிந்ததும் பட்டையை முடுக்கினான். மேலே கிரீஸ் பூசினான். வெளியே வந்து மீட்டரைத் தானே பிடித்து அளந்து பார்த்துவிட்டு, ஆரோக்கியத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். மேலெல்லாம் மண்.

"அண்ணா, நீங்க கண்டுபுடிச்சதுங்களா?"

அவர் என்னைக் காட்டினார். "அவன்" என்றார்.

மணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. நான் அவனுக்கு இலை போட்டேன்.

மற்ற சொற்கள்

அன்று மாலையிலிருந்து எனக்கு வேறொரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பால் சூடென்றால், மற்றவை என்ன?

'ஞாயிறு' என்பதைக் கவனித்தேன். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கூட 'ஞாயிறு' என்றார். எப்போது சொல்கிறார்? சட்டை மாற்ற வேண்டியிருக்கும்போது. ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் பூசைக்குத் தேய்த்த சட்டை. அதைப் புரிந்துகொண்டு அலமாரியைத் திறந்தபோது, எந்தச் சட்டை என்று கூட விரலால் காட்டினார். சில சொற்களுக்குப் பாதை கிடைத்தது. சிலவற்றுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. 'கிணறு' என்று அடிக்கடி சொல்லுகிறார். எங்கள் வீட்டிலும் கிணறு இல்லை, அவர் பிறந்த வீட்டிலும் இல்லை. அதைத் தேடிக்கொண்டேயிருக்கிறேன்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் பால் கதையைச் சொன்னேன். அவள் தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவர் பெருமையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நிம்மி வந்தாள்

சொன்னபடி நிம்மி வந்துசேர்ந்தாள். பெரிய பெட்டி இரண்டைக் காலியாகக் கொண்டு வந்திருந்தாள், எங்கள் துணிமணிக்காக. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். ஆனால் நம்பிவிடவில்லை.

"அம்மா, கை சுட்டா யாரா இருந்தாலும் சொல்லத்தானே செய்வாங்க. அதை வச்சு எல்லாம் புரியுதுன்னு எப்படிச் சொல்ற?"

"சரி, நீயே கேளு."

"என்னத்தை?"

"எங்கிட்டக் கேட்டியே, பெங்களூர் வர்றதைப் பத்தி. அதை அவர்கிட்டக் கேளு. கேட்டுட்டுச் சும்மா இரு."

அவளுக்கு அது கஷ்டமாக இருந்தது. ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் 'சாப்பிட்டீங்களா', 'மாத்திரை போட்டீங்களா' தவிர வேறொன்றும் கேட்டதில்லை. கேட்டுப் பதில் வராமல் போனால் என்ன செய்வதென்ற பயம். தயங்கித் தயங்கிப் போய் அவருடைய நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, எங்க பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். கீழ்த்தளம், படி கிடையாது. நீங்களும் அம்மாவும் அங்க வந்துடறீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். வாய் அசைந்து நின்றது. வெளியே டெம்போ ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். நிம்மி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குத்தான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"ஆமா" என்றார் தெளிவாக.

சரி, அவருக்கு அதுதான் விருப்பமென்றால் போகத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வாசல், செக்கிங் டேபிளில் என்னோடு நிற்கும் பெண்கள், கோவில் மணி எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின.

நிம்மி எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ஆமா" என்றார் அவர். தலை மட்டும் இடமும் வலமுமாக, மெதுவாக, விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லைங்கறீங்களா அப்பா?"

தலை நின்றது. இடது கை நீண்டு அவள் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது.

நிம்மி முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பெங்களூர் வீட்டின் ஓனரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்த வீடு எங்களுக்கு வேண்டாம். நீங்க வேற யாருக்காவது கொடுத்துடுங்க." அந்தப் பக்கம் என்ன காரணம் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா வர மாட்டேன்னு சொல்லிட்டாருங்க" என்றாள்.